பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சிக்கு மதிப்பெண் போடுவது: என் அனுபவம்

பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சி வைத்தாலே, சத்தமாகப் பேசுகிற பிள்ளைகளுக்குத்தான் மதிப்பெண் போய்ச் சேர்ந்தது. மதிப்பெண் தாளில் 'பங்கேற்பு: 10' என்று ஒற்றை வரி இருந்தால் அப்படித்தான் ஆகும்.

அந்த வரியை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மூன்றை வைத்தேன்: எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் சொன்னாரா, தன் பாத்திரத்தின் நிலைப்பாட்டுக்குக் காரணம் காட்டினாரா, பேச்சு தடைப்பட்டபோது அடுத்தவரைப் பேச வைத்தாரா. குரலுக்கும் முகபாவத்துக்கும் மதிப்பெண் கிடையாது. இது நடிப்பு வகுப்பு இல்லையே.

கடைக்காரர், வாடிக்கையாளர் காட்சியில் அதிகம் பேசாத ஒரு மாணவி, "திருப்பி எடுத்துக்கொள்கிறேன், ரசீது எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். காட்சியின் போக்கே மாறிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பழைய தாளில் இடமே இல்லை.

சரி, எல்லோரையும் ஒருவரே கவனிப்பது எப்படி? நடிக்காத பிள்ளைகள் ஆளுக்கு ஒருவரைப் பார்த்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதுவார்கள். மதிப்பெண் போட மாட்டார்கள். அப்புறம் நடித்தவர்கள், 'ஏன் அப்படிச் சொன்னேன்' என்று நாலு வரி எழுதுவார்கள். கூச்சப்படுகிற பிள்ளைகளின் யோசனை அங்கேதான் வெளியே வருகிறது. மதிப்பெண்ணில் பாதி இப்போது அதற்குத்தான்.