ஒருவர் மன்னித்து மற்றவர் மன்னிக்காத நட்பை மிகுபுனைவுத் தொடரில் எழுதும் முறை

நெடுநாள் பிரிந்திருந்த இரு நண்பர்களைத் தொடரின் கடைசிப் பாகத்தில் போர்க்களத்தில் சந்திக்க வைத்து, கட்டித்தழுவச் செய்து, இருவர் கண்ணிலும் ஒரே அளவு நீர் வரவழைத்து முடிப்பது எளிது. வாசகர் அதை நம்புவதில்லை. முந்தைய பாகங்கள் முழுவதும் ஒருவர் மட்டுமே இழந்துகொண்டு வந்திருக்க, மன்னிப்பு மட்டும் எப்படிச் சரிபாதியாகப் பிரிந்தது என்ற கேள்வி அவருக்கு எழும். ஆகவே இருவரின் மன்னிப்பும் அளவிலும் காலத்திலும் வேறுபடும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டு, அந்த வேறுபாட்டைக் கடைசிவரை சரிக்கட்டாமல் காக்க வேண்டும். அதற்கான வழிகளை, வேலூரையும் பாலாற்றங்கரையையும் களமாகக் கொண்ட ஒரு கற்பனைத் தொடரை வைத்து இங்கே சொல்கிறேன்.

வட ஆர்க்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் முன்மாதிரிக்கு வெளியே போக வேண்டியதில்லை. துரோணரும் துருபதனும் ஒன்றாகப் படித்தவர்கள். வறுமையோடு வந்து பழைய நட்பைச் சொன்ன துரோணரிடம், சமமானவர்களுக்கு இடையில்தான் நட்பு என்று அரசனாகிவிட்ட துருபதன் சொல்லிவிடுகிறான். பின்னர் அர்ச்சுனன் அவனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியபோது, துரோணர் பாதி நாட்டைத் தாம் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்து, இப்போது நாம் சமமானவர்கள், மறுபடியும் நண்பர்களாக இருப்போம் என்கிறார். அவரைப் பொறுத்தவரை கணக்கு அங்கே தீர்ந்தது. துருபதனோ வாயால் ஒப்புக்கொண்டு ஊர் திரும்பி, துரோணரைக் கொல்லும் மகன் வேண்டி வேள்வி செய்கிறான். அந்த வேள்வித் தீயிலிருந்து திருட்டத்துய்மனும் திரௌபதியும் பிறக்கிறார்கள். நாம் தீமிதித்து வணங்கும் தெய்வத்தின் பிறப்புக்கே ஆறாத ஒரு நட்புப் பகைதான் காரணம் என்பதைத் திருவிழாக் கூட்டத்தில் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. இன்னும் விந்தையானது, தம்மைக் கொல்லப் பிறந்தவன் என்று அறிந்தும் துரோணர் திருட்டத்துய்மனுக்கு வில்வித்தை கற்பித்தது.

இந்தக் கதையிலிருந்து எழுத்தாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மன்னிக்கிறவர் அந்த நேரத்தில் மேலே நிற்கிறாரா, கீழே நிற்கிறாரா? வென்ற கையால் கொடுக்கப்படும் மன்னிப்பு, பெறுகிறவருக்கு இரண்டாவது தோல்வியாகவே படும். உங்கள் தொடரில் யார் முதலில் மன்னிப்பது என்று தீர்மானிக்கும் முன், அப்போது நிலமும் படையும் ஊர்மதிப்பும் யார் பக்கம் இருக்கின்றன என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குற்றத்தை அமைக்க வேண்டும். வேலூர்க் கோட்டை விஜயநகர அரசர்களிடமிருந்து பீஜப்பூர்ப் படையிடமும், பின்பு மராட்டியரிடமும், முகலாயரிடமும் கைமாறியது என்பதால், முற்றுகை என்பதை இங்கே பாடுபட்டுக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நம் கற்பனைக் கோட்டையில், முற்றுகையின் கடைசி இரவில் அகழியின் மதகுக் காவலர், வெளியே காய்ந்துகிடந்த வயல்களுக்காக நீரைத் திறந்துவிடுகிறார். வற்றிய அகழி வழியே எதிரி நுழைகிறான். மதகுக் காவலரின் நண்பர்தான் கோட்டையின் வாயிற்காவலர்; அந்த நண்பரின் தம்பி இறக்கிறான். பிறகு நடந்த விசாரணையில், மதகுக் காவலர் எதிரியிடம் பணம் வாங்கவில்லை என்பது தெரிந்திருந்தும் வாயிற்காவலர் வாய் திறக்கவில்லை. மதகுக் காவலர் நாடு கடத்தப்படுகிறார். இரண்டு பேரும் தவறு செய்தவர்கள். ஆனால் ஒரு தம்பியின் உயிரையும் சில ஆண்டு நாடுகடத்தலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இப்படி ஒப்பிட முடியாத இரண்டு குற்றங்கள் கிடைக்கும்வரை கதைச்சுருக்கத்தை எழுதத் தொடங்காதீர்கள். கிடைத்தபின் அந்த இரவை இருவர் குரலிலும் தனித்தனியாக எழுதி, நூலில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நினைவில் நீர் பாய்ந்த ஓசை முதன்மையாக இருக்கும். மற்றவர் நினைவில் அந்த ஓசையே இருக்காது.

மாயசக்திக்குக் கடுமையான தடை விதிப்பது அவசியம். இறந்தவரை எழுப்புவது, அடுத்தவர் மனத்துக்குள் பார்ப்பது, நினைவை அழிப்பது ஆகிய மூன்றும் இத்தகைய கதையைக் கொன்றுவிடும். மாறாக, சக்தியின் விலை ஒருவர் மீது மட்டும் விழும்படி செய்யுங்கள். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மேலே வெறும் மணலாகவும் கீழே நீரோட்டமாகவும் கிடக்கும் ஆறு. அந்த அடிநீரை அழைக்கும் ஆற்றல் மதகுக் காவலருக்கு உண்டு என்றும், அவர் அழைக்கும் ஒவ்வொரு முறையும் பழைய நண்பரின் கிணற்றில் நீர் இறங்கும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பரிகாரமாக அவர் எந்த ஊரைக் காப்பாற்றினாலும் அந்தச் செலவு நண்பருடையதாகிவிடும். மணலாற்றில் வெள்ளம் வராதா என்றால், வரும். 2021 நவம்பரில் வந்ததை மாவட்டமே பார்த்தது. தொடரில் அதை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம், சமாதானக் காட்சியில் அறவே வேண்டாம்.

உரையாடலில் நம் மொழி பாதி வேலையைத் தானே செய்துவிடும். இளமையில் 'வாடா, போடா' என்று பேசியவர்கள், பிரிவுக்குப் பின் முதல் சந்திப்பில் 'வாங்க' என்று சொல்லிக்கொண்டால், அதன் கொடுமையை விளக்கத் தனிப் பத்தி தேவையில்லை. இரண்டாம் பாகத்தில் ஒருவர் தன்னை மறந்து 'டா' என்று அழைத்துவிடட்டும். மற்றவர் 'சொல்லுங்க' என்றே பதில் தரட்டும். இடையில் ஒரு பெரியவர் வந்து 'பழசை விட்டுத்தள்ளுங்கப்பா' என்று சொல்லும் காட்சியை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து அவர்மீது எரிச்சல்படும்படி எழுதுங்கள்; நெடுங்காலத்துக்குப் பின் இருவரும் ஒத்துப்போகும் முதல் செய்தி அதுவாகவே இருக்கலாம்.

பாகங்களில் பங்கீடு செய்யும்போது, மதகுக் காவலர் நண்பரின் மௌனத்தை இரண்டாம் பாகத்திலேயே, யாரும் கேட்காமலே மன்னித்துவிடுவது நல்லது. கேட்காமல் கிடைத்த மன்னிப்பு வாயிற்காவலரை ஆத்திரப்படுத்தி மூன்றாம் பாகத்தை நகர்த்தும். மூன்றாம் பாகத்துக்கு இடம் தேடினால் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் வரலாற்றைப் பாருங்கள். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்த அந்தக் கருவறைக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-இல் திரும்பக் கொண்டுவரப்பட்டது. திரும்பி வந்தபின் வழிபாடு தொடங்கியது. பூசையற்றுப் போன ஆண்டுகள் பூசை நடந்த ஆண்டுகளாக மாறிவிடவில்லை. உங்கள் கதையின் நாடு திரும்பும் காட்சியை இந்த அளவோடு நிறுத்துங்கள்: அவருக்கு ஊரில் இடம் கிடைக்கும், வேலை கிடைக்கும், நண்பரின் வீட்டுத் திண்ணை வரை அனுமதி கிடைக்கும்.

கடைசிப் பாகத்தில் வாயிற்காவலர் தர வேண்டியது முழு மன்னிப்பன்று, ஓர் எல்லை. தம்பியின் திதியன்று ஆற்றங்கரைக்கு வர மதகுக் காவலரை அவர் அனுமதிக்கலாம். எள்ளும் நீரும் இறைக்க மட்டும் அனுமதிக்கக் கூடாது. திருத்தப் படியில் 'மனம் லேசானது', 'பாரம் இறங்கியது' போன்ற தொடர்கள் எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள். அந்தக் காட்சிக்குப் பின் இன்னொரு அத்தியாயம் வேண்டுமென்று பதிப்பாளர் கேட்டால், அது புதிய மதகையும் ஊரின் நீர்ப்பங்கீட்டையும் பற்றியதாக இருக்கட்டும். இருவரையும் மீண்டும் சந்திக்க வைக்க வேண்டாம்.