மேரி க்யூரி ஃபெல்லோஷிப்: நல்ல விண்ணப்பங்கள் சறுக்கும் இடங்கள்

பி.எச்.டி. முடித்துவிட்டு ஐரோப்பாவில் போஸ்ட்டாக் (பி.எச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) தேடுகிறவர்களின் காதில் முதலில் விழும் பெயர்களில் ஒன்று மேரி க்யூரி ஃபெல்லோஷிப். ஐரோப்பிய ஒன்றியம் தருவது. ஐரோப்பாவுக்குள் செய்யும் வகைக்கு எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். காலம் 12 முதல் 24 மாதம். 2024-இல் 10,360 விண்ணப்பங்கள் போனதில் 1,696 பேருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் 17,058 ஆகிவிட்டன. இந்த நெரிசலில் ஆராய்ச்சித் திட்டம் நன்றாக இருப்பது நுழைவுச்சீட்டு மட்டும்தான். விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் வேறு இடங்களில்.

முதலில் தகுதி. இதில் தவறினால் திட்டத்தை யாரும் மதிப்பிடவே மாட்டார்கள். போகப்போகும் நாட்டில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனியில் இப்போதுதான் பி.எச்.டி. முடித்துவிட்டு அங்கேயே இருக்கும் இந்தியர் ஜெர்மன் நிறுவனத்தைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. பிரான்ஸையோ டென்மார்க்கையோ காட்டலாம். நடுவில் ஆறு மாதம் ஊருக்கு வந்தேன், கணக்கு திரும்ப முதலிலிருந்துதானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, 36 மாதத்துக்குள் அங்கே இருந்த நாட்களையெல்லாம் கூட்டித்தான் பார்ப்பார்கள். இன்னொன்று, பட்டம் பெற்றபின் ஆராய்ச்சி அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆனால் பிள்ளைப்பேறு விடுப்பும் ஆராய்ச்சிக்கு வெளியே வேலை பார்த்த ஆண்டுகளும் இந்த எட்டில் சேராது. இது தெரியாமல் தாமே ஒதுங்கிக்கொள்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறையப் பேர். வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) முடிந்து பட்டச் சான்றிதழ் கைக்கு வராதவர்களும் விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் 2025 அழைப்பின், அதாவது அந்த ஆண்டின் விண்ணப்ப அறிவிப்பின், விதிகள். விதிகள் மாறும். சீனியர் அனுப்பிய பழைய கோப்பை வைத்துக்கொண்டு எழுத உட்காராமல், அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது சூப்பர்வைசர். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் ஒரே மெயிலை நாற்பது பேராசிரியர்களுக்குத் தட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேராசிரியர் ஒப்புக்கொண்டாலே போதும் என்ற நினைப்புதான் காரணம். இந்த ஃபெல்லோஷிப்பில் அவர் கையெழுத்துப் போடும் ஆள் மட்டுமில்லை, நீங்களும் அவரும் சேர்ந்து எழுதும் விண்ணப்பம் இது. செப்டம்பர் கடைசித் தேதிக்கு ஆகஸ்டில் ஆள் பிடித்தால், அவர் விடுமுறையில் இருப்பார். ஐரோப்பாவில் ஆகஸ்ட் அப்படித்தான். வசந்த காலத்திலேயே பேச்சைத் தொடங்குவது நல்லது. மெயிலில் அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் கேள்வியோடு எங்கே ஒட்டுகிறது, நீங்கள் கொண்டுவரும் எது அவர் குழுவில் இல்லை என்று நாலு வரி போதும். பல பல்கலைக்கழகங்கள் வெளியாட்களிடம் ‘விருப்பம் தெரிவிக்க’ அழைப்பு விட்டு, தேர்ந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதப் பயிற்சிப் பட்டறையும் நடத்துகின்றன. இதைத் தேடிப் பார்க்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

சரி, எழுதுவதற்கு வருவோம். மதிப்பெண் மூன்றாகப் பிரிகிறது: ஆராய்ச்சியின் சிறப்புக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20. மொத்தத்தையும் 10 பக்கத்துக்குள் சொல்ல வேண்டும். பதினோராம் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். நம்மவர்கள் செய்வது என்னவென்றால், முதல் ஏழு பக்கத்தை ஆராய்ச்சிப் பின்னணிக்கே கொடுத்துவிட்டு, மீதி 50 சதவீதத்தை மூன்று பக்கத்தில் அடைப்பது. ஆய்வுக் கட்டுரை எழுதிய கை அப்படித்தான் போகும். அந்த முதல் 50-இலும் குறிக்கோளும் முறையும் ஒரு பகுதிதான். பயிற்சி, இருபக்க அறிவுப் பரிமாற்றம், உங்கள் அனுபவம் எல்லாம் அதற்குள்ளேயே வருகின்றன.

படிக்கிறவர் உங்கள் துறைக்காரராக இருப்பார், ஆனால் உங்கள் மூலக்கூறையோ உங்கள் கல்வெட்டையோ அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. அவர் கையில் இன்னும் பல விண்ணப்பங்கள் இருக்கும். முதல் பக்கத்திலேயே இதுவரை தெரியாதது என்ன, நீங்கள் கண்டுபிடிக்கப் போவது என்ன என்று புரிந்துவிட வேண்டும். ‘இத்துறையில் மேலும் ஆய்வு தேவை’ என்ற வரியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

பெரிதாக இடிக்கும் இடம் ‘ஏன் நான், ஏன் அங்கே’ என்ற கேள்வி. இது ஆராய்ச்சிக்கு நிதி தரும் திட்டம் மட்டுமில்லை, ஓர் ஆராய்ச்சியாளரை அடுத்த படிக்கு ஏற்றிவிடும் திட்டம். பி.எச்.டி.யில் செய்ததையே வேறு நாட்டில் தொடர்கிறேன் என்றால், அதற்கு ஏன் காசு தர வேண்டும்? அதற்காக முழுவதும் புதிய துறைக்குத் தாவினால், உங்களால் முடியுமா என்ற சந்தேகம் வரும். கையில் இருக்கும் ஒரு திறமை, அங்கே போய்க் கற்கும் ஒரு திறமை, இரண்டும் சேர்ந்தால்தான் அவிழும் ஒரு கேள்வி: இந்த மூன்றும் தெளிவாகத் தெரியும் விண்ணப்பங்கள் எனக்குத் தெரிந்து எப்போதும் முன்னே நிற்கின்றன. உதாரணமாக, கடலோர நிலத்தடி நீரில் உப்பேறுவதை வயல்வெளியில் அளந்து பழகிய ஒருவர், நெதர்லாந்தில் கணினி மாதிரியாக்கம் செய்யும் குழுவுக்குப் போனால், அவரிடம் அங்கே இல்லாத களத் தரவு இருக்கிறது, அங்கே அவரிடம் இல்லாத மாதிரி இருக்கிறது. பரிமாற்றம் இருபக்கம் என்று தனியாக வாதாடத் தேவையில்லை.

இங்கே நம் அடக்கம் கெடுத்துவிடும். ‘வழிகாட்டியின் மேற்பார்வையில் எங்கள் குழு மேற்கொண்ட ஆய்வில்’ என்று எழுதினால், நீங்கள் செய்தது என்ன என்று மதிப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்? ‘இந்த அளவீட்டு முறையை நான் உருவாக்கினேன், கட்டுரையின் பகுப்பாய்வு முழுவதும் என்னுடையது’ என்று நேராக எழுதலாம், அது தற்பெருமை ஆகாது. மறுபுறம், இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை (கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படுவதை வைத்து இதழுக்குத் தரும் எண்) வரிசையாக அடுக்கும் வேலையும் வேண்டாம். இதழின் எண்ணை வைத்து ஆளை எடைபோடும் வழக்கத்தை ஐரோப்பிய ஆணையம் விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரையால் என்ன மாறியது என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

தாக்கம் என்ற பகுதியில் ‘சமூகத்துக்குப் பயன்படும்’, ‘சர்வதேச மாநாடுகளில் அளிக்கப்படும்’ போன்ற வரிகள் எல்லோரிடமும் இருக்கும். எந்த மாநாடு, எந்த மாதம், யார் அந்த முடிவை எடுத்துப் பயன்படுத்துவார்? பள்ளிக் குழந்தைகளிடம் பேசுவேன் என்றால் எந்த நிகழ்ச்சியில்? ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் இரவு என்று செப்டம்பர் கடைசியில் பல நகரங்களில் நடக்கும். அப்படி ஒன்றைக் குறிப்பிட்டாலே வரிக்கு உயிர் வந்துவிடும்.

செயல்திட்டம் 20 சதவீதம்தானே என்று கடைசி இரவுக்குத் தள்ளுவார்கள். பல துறைப் பிரிவுகளில் நூற்றுக்கு 90-ஐத் தாண்டினால்தான் வாய்ப்பு என்ற நிலையில், வெற்றி தோல்வியை முடிவு செய்வது இங்கே போகும் மூன்று, நாலு மதிப்பெண்தான். கான்ட் சார்ட் (எந்த வேலை எந்த மாதத்தில் என்று காட்டும் படம்) ஒரு அலங்காரப் படமாக நிற்கக் கூடாது. ரிஸ்க் அட்டவணையில் ‘கருவி பழுதாகலாம், சரிசெய்யப்படும்’ என்பதும் வேண்டாம். உங்கள் மையக் கருதுகோளே தவறாகிப் போனால் மீதி மாதங்களில் என்ன செய்வீர்கள் என்பதுதான் அவர்கள் பார்க்க விரும்பும் ரிஸ்க்.

சின்ன விஷயங்கள் சில. ஓர் அழைப்புக்கு ஒருவர் ஒரு விண்ணப்பம்தான். இரண்டு நாட்டுக்கு இரண்டு அனுப்ப முடியாது. போர்ச்சுகல், போலந்து, கிரீஸ் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்த மாதிரி நாடுகளுக்கென்றே உள்ள இ.ஆர்.ஏ. ஃபெல்லோஷிப்புக்கான பெட்டியில் டிக் அடிக்க மறக்க வேண்டாம். முதல் பட்டியலில் விடுபட்டாலும் அது இரண்டாவது வாய்ப்பு. அறிவிப்பில் வரும் மாதத் தொகை அப்படியே கைக்கு வருவதில்லை. வரியும், நிறுவனம் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையும் அதிலிருந்தே போகும். கடைசி நேரம் பிரஸ்ஸல்ஸ் மணி மாலை 5. செப்டம்பரில் நமக்கு இரவு 8.30.

கிடைக்கவில்லை என்றால் மதிப்பீட்டு அறிக்கை வரும். 2025 அழைப்பு வரை இருந்த விதிப்படி, 70 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு விண்ணப்பிக்க முடியாது. அவசரமாக அரைகுறையாக அனுப்புவதன் உண்மையான விலை அதுதான். அந்தந்த ஆண்டின் வரம்புக்கு மேலே இருந்தால் திருத்தி அனுப்பலாம். அப்புறம் அறிக்கையில் சொன்ன நாலு குறையை மட்டும் ஒட்டுப்போட்டு அனுப்பிவிட்டு, இந்த முறையும் ஏன் வரவில்லை என்று குழம்புவார்கள். புதிய மதிப்பீட்டாளர்களின் கண்ணில் அது புதிய விண்ணப்பம். பழையவர் பாராட்டிய பகுதியையே இவர் குறை சொல்லலாம். அதனால் பத்துப் பக்கத்தையும் முதலிலிருந்து எழுதுகிற அளவுக்கு நேரம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.