மார்ச் 25-ஆ, ஏப்ரல் 7-ஆ: மாசிடோனியப் போராட்டத்தின் ஆவணங்களைப் படிக்கும் முறை

1905-இல், இன்றைய வட கிரேக்கத்தின் கஸ்தோரியா வட்டாரத்தில் உள்ள ஸாகோரிச்சானி கிராமத்தில் படுகொலை நடந்தது. அது மார்ச் 25-இல் நடந்ததாக ஓர் ஆவணமும் ஏப்ரல் 7-இல் நடந்ததாக இன்னோர் ஆவணமும் சொல்கின்றன. இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதினால் ஒரு படுகொலை இரண்டாகிவிடும், 60-க்கு மேற்பட்ட பிணங்கள் 120 ஆகிவிடும். உதுமானிய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் கிரேக்க, பல்கேரியக் குழுக்கள் மாசிடோனிய மலைக் கிராமங்களில் நடத்திய மறைமுகப் போரைப் படிக்கத் தொடங்குபவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான். தேதி, ஊர், சமயம், ஆள், கொன்றவர் என்ற வரிசையில் ஒவ்வொரு சம்பவத்தையும் சரிபார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் தேதி

கிரேக்கர்களும் பல்கேரியர்களும் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில்தான் எழுதினார்கள். பல்கேரியா 1916-இலும் கிரேக்கம் 1923-இலும்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஆஸ்திரியத் தூதரகங்கள் புதிய தேதியில் எழுதின. 1900 மார்ச் தொடங்கி பழைய தேதியோடு 13 நாளைக் கூட்ட வேண்டும். அதற்கு முந்தைய 19-ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாள் போதும். 1893-இல் தெசலோனிக்கியில் பல்கேரியப் புரட்சி அமைப்பு தொடங்கப்பட்ட காலத்துக் கடிதங்களுக்கும் 13-ஐக் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

கணக்குக்குப் பழக மூன்று தேதிகள் போதும். அந்த அமைப்பின் தலைவர்களில் ஒருவரான கோட்சே டெல்சேவ் பனிட்சாவில் கொல்லப்பட்டது 1903 ஏப்ரல் 21, அதாவது மே 4. உதுமானிய ஆட்சிக்கு எதிரான இலிண்டென் எழுச்சி அதே ஆண்டு ஜூலை 20, அதாவது ஆகஸ்டு 2. ஜூலை 20 எலியா தீர்க்கதரிசியின் திருநாள், எழுச்சியின் பெயரும் அதிலிருந்தே வந்தது. ஆகவே 'எலியா நாளில்' என்று எழுதியிருந்தால் அது பழைய தேதி. மூன்றாவது, மேலே சொன்ன ஸாகோரிச்சானி. அது மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள்.

உதுமானியக் காகிதம் கைக்கு வந்தால் வேறு கணக்கு. அரசு அலுவலகங்கள் 'ரூமி' நாட்காட்டியைப் பயன்படுத்தின. அதன் நாளும் மாதமும் ஜூலியன் கணக்குப்படியே போகும், ஆண்டு மட்டும் மார்ச் 1-இல் பிறக்கும். மார்ச் முதல் டிசம்பர் வரை ரூமி ஆண்டோடு 584-ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் 585. 'தெஷ்ரினி எவ்வெல் 13, 1320' என்பது பழைய 1904 அக்டோபர் 13, புதிய அக்டோபர் 26. 'ஷுபாத் 15, 1320' என்றால் பழைய 1905 பிப்ரவரி 15, புதிய பிப்ரவரி 28. இதை 1904 என்று போட்டால் ஓராண்டு முன்னே போய்விடும். மாதப் பெயர் ஷாபான், ரமலான் என்று இருந்தால் அது ஹிஜ்ரி. ஹிஜ்ரி எண்ணும் ரூமி எண்ணும் அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டு அளவே விலகி நின்றதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது. எண்ணை நம்பாமல் மாதப் பெயரைப் பாருங்கள்.

மணியையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சூரியன் மறையும் நேரத்தை 12 மணியாக வைத்து எண்ணும் பழக்கம் இருந்தது. 'இரவு 3 மணிக்குப் படை ஊரைச் சூழ்ந்தது' என்றால் சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் கழித்து. அக்டோபர் கடைசியில் அது இரவு எட்டு மணியளவில் வரும், விடியற்காலை அல்ல.

ஊர்ப் பெயர்கள்

ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது மூன்று பெயர் உண்டு, நான்காவதாக இன்றைய பெயரும் இருக்கலாம். தெசலோனிக்கி, சோலுன், செலானிக் மூன்றும் ஒன்றே. கஸ்தோரியா, கோஸ்துர், கெஸ்ரியே ஒன்றே. புளோரினாவின் ஸ்லாவியப் பெயர் லெரின், எடெஸ்ஸாவுக்கு வோடென். மொனாஸ்திர் இன்றைய பிட்டோலா. 1920-களில் கிரேக்க அரசு நூற்றுக்கணக்கான கிராமங்களின் பெயரை மாற்றியது. ஸாகோரிச்சானி இன்று வசிலியாதா, ஸ்டாடிஸ்டா இன்று மெலாஸ். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அட்டை போட்டு நான்கு பெயரையும் காஸா எனப்படும் வட்டத்தையும் எழுதி வையுங்கள்.

வட்டத்தை விட்டுவிட்டால் பெயர் ஒத்த ஊர்கள் கலந்துவிடும். டெல்சேவ் இறந்த பனிட்சா செர்ரெஸ் பக்கம் உள்ளது. புளோரினா அருகிலும் ஒரு பனிட்சா இருந்தது, இன்று அதன் பெயர் வெவி. இரண்டும் வெவ்வேறு ஊர். இன்னொன்று, 'மாசிடோனியா' என்ற பெயரில் உதுமானிய மாகாணம் எதுவும் இல்லை. செலானிக், மொனாஸ்திர், கொசோவோ என்று மூன்று விலாயத்துகள்தான் இருந்தன. 'மாசிடோனியாவில் இத்தனை பேர்' என்று யாராவது எண் கொடுத்தால், அவர் எல்லைக்கோட்டை எங்கே போட்டார் என்று முதலில் பாருங்கள்.

யார் கிரேக்கர், யார் பல்கேரியர்?

மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துக்கொள்ளலாம், இதில் பிசகினால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆவணத்தில் 'பல்கேரியர்', 'கிரேக்கர்' என்று வந்தால் பெரும்பாலும் அது வீட்டில் பேசிய மொழியைக் குறிக்காது. எந்தத் திருச்சபைக்குக் கட்டுப்பட்டவர் என்பதையே குறிக்கும்.

1870-இல் சுல்தானின் ஆணையால் பல்கேரிய எக்ஸார்க்கேட் என்ற தனித் திருச்சபை உருவானது. அந்த ஆணையின் 10-ஆம் பிரிவுப்படி, ஒரு மறைமாவட்டத்தின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அது எக்ஸார்க்கேட்டுக்கு மாறலாம். 1872-இல், அதுவரை எல்லாரும் கட்டுப்பட்டிருந்த, கிரேக்கர் கையில் இருந்த கான்ஸ்டான்டினோபிள் பேராயம் அதைப் பிளவுவாதம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு ஒரு கிராமத்தின் கோயில் சாவி யார் கையில், பள்ளிக்கூடத்தில் எந்த மொழி என்பதெல்லாம் தலை எண்ணிக்கைக்கான போட்டியாயின. 1903 அக்டோபரில் ஆஸ்திரியா-ஹங்கேரியும் ரஷ்யாவும் மாசிடோனியாவுக்காகப் போட்ட மூர்ஸ்டெக் சீர்திருத்தத் திட்டத்தின் 3-ஆவது பிரிவு இதற்கு எண்ணெய் ஊற்றியது. அமைதி திரும்பியதும் நிர்வாக எல்லைகளை இனங்களின் அடிப்படையில் திருத்தலாம் என்றது அது. எல்லை திருத்தப்படும்முன் எந்தக் கிராமம் யார் பக்கம் என்று காட்டியாக வேண்டும். துப்பாக்கியோடு கிராமத்துக்குள் வந்த குழு பாதிரியாரையும் ஆசிரியரையும் முதலில் தேடிய காரணம் இதுதான்.

ஸ்லாவிய மொழி பேசிக்கொண்டு பேராயத்தோடு நின்ற ஒரே மனிதரைக் கிரேக்க ஆவணம் 'பல்கேரிய மொழி பேசும் கிரேக்கர்' என்றும், பல்கேரிய ஆவணம் 'கிரேக்கோமான்' (கிரேக்கப் பித்தர்) என்று ஏளனமாகவும், உதுமானிய ஆவணம் 'ரூம்' (பேராயத்தைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் சமூகம்) என்றும் எழுதும். கிரேக்கத் தரப்பின் பெயர்பெற்ற தலைவர்களில் ஒருவரான, 1905-இல் மொனாஸ்திரில் தூக்கிலிடப்பட்ட கோட்டாஸ் அப்படிப்பட்டவர்தான். ருமேனிய மொழிக்கு நெருக்கமான மொழி பேசிய வ்லாக்குகளும் இப்படியே. ருமேனியப் பக்கம் சாய்ந்தவர்களை 1905-இல் சுல்தான் தனிச் சமூகமாக ஏற்றார், பேராயத்தோடு இருந்தவர்கள் 'ரூம்' கணக்கிலேயே நின்றார்கள். ஆகவே அட்டையில் மொழிக்கு ஒரு கட்டம், சமயத்துக்கு ஒரு கட்டம், குழுவுக்கு ஒரு கட்டம் என்று மூன்று தனிக் கட்டங்கள் வேண்டும். ஆவணம் சொல்லாத கட்டத்தை ஊகித்து நிரப்பாதீர்கள்.

மக்கள்தொகை அட்டவணைகளிலும் இதே கதை. 1900-இல் வந்த, பல்கேரிய ஆய்வாளர் வசில் கன்சோவின் கணக்கில் மொத்தம் 22,58,224 பேர், அதில் பல்கேரியர் 11,81,336, கிரேக்கர் 2,28,702. அவர் மொழியை வைத்து எண்ணினார். உதுமானிய அரசு சமயச் சமூகத்தை வைத்து எண்ணியது. கிரேக்கத் தரப்பு உதுமானிய எண்ணையும் பல்கேரியத் தரப்பு கன்சோவின் எண்ணையும் விரும்பிக் காட்டும் காரணம் புரிகிறதல்லவா? இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை.

ஆளின் பெயர்

கிரேக்கத்திலிருந்து வந்த ராணுவ அதிகாரிகள் புனைபெயரில் இயங்கினார்கள். மிக்கிஸ் ஸெஸாஸ் என்பவர் பாவ்லோஸ் மெலாஸ், கபெதான் வார்தாஸ் என்பவர் கியோர்கியோஸ் த்ஸொந்தோஸ், தெல்லோஸ் அக்ராஸ் என்பவர் சரந்தோஸ் அகபினோஸ். எதிர்த்தரப்பில் மீதார் விலாஹ் என்பவரும் கிரேக்க ஏடுகளில் வரும் மித்ரோஸ் விலாஹோஸும் ஒருவரே. 'கபெதான்' என்றால் கிரேக்கக் குழுத் தலைவர், 'வொய்வோதா' என்றால் பல்கேரியத் தலைவர். 'அந்தார்த்தே' கிரேக்கப் போராளி, 'கொமித்தாஜி' பெரும்பாலும் பல்கேரியர். உதுமானிய அதிகாரிக்கு எல்லாருமே கொள்ளையர். பல்கேரியத் தரப்பும் ஒற்றை அமைப்பல்ல. 1893-இல் தொடங்கிய உள்ளூர் அமைப்பும் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து இயங்கிய உயர்மட்டக் குழுவும் தமக்குள்ளேயே மோதின. 'பல்கேரியர் பல்கேரியரைக் கொன்றனர்' என்ற வரியைத் தட்டச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

கொன்றது யார்?

ஒரு சம்பவத்தை முழுவதுமாக ஓட்டிப் பார்ப்போம். மெலாஸ் இறந்தது ஸ்டாடிஸ்டாவில், பழைய 1904 அக்டோபர் 13, புதிய 26. கிரேக்க-பல்கேரியப் போரின் முதல் பெரும் தியாகி என்று கொண்டாடப்படுவதால் பல்கேரியர் கையால் இறந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். ஊரைச் சூழ்ந்தது உதுமானியப் படை. அங்கே தங்கியிருப்பது மீதார் விலாஹின் குழு என்று படைக்குத் தகவல் போனதாகக் கிரேக்கத் தரப்பில் சொல்லப்படுகிறது. எனவே அட்டையில் 'சுட்டது', 'தகவல் கொடுத்தது' இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டாவதன் பக்கத்தில் யார் சொன்னார், சம்பவத்துக்கு எத்தனை காலம் கழித்துச் சொன்னார் என்று எழுதுங்கள்.

தூதரக அறிக்கைகளை எடைபோடும்போது எழுதியவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். மூர்ஸ்டெக்குக்குப் பிறகு ஜென்டார்மரி எனப்படும் காவல்படையின் சீர்திருத்தத்துக்கு வல்லரசுகள் பகுதி பிரித்துக்கொண்டன: ஸ்கோப்யேயில் ஆஸ்திரியர், மொனாஸ்திரில் இத்தாலியர், செர்ரெஸில் பிரெஞ்சுக்காரர், டிராமாவில் பிரிட்டிஷார், தெசலோனிக்கியில் ரஷ்யர். தன் பகுதிக்குள் நடந்ததை எழுதும் அதிகாரிக்கும் நகரத்தில் உட்கார்ந்து கேள்விப்பட்டதை எழுதுபவருக்கும் வித்தியாசம் உண்டு. தெசலோனிக்கியின் கிரேக்கக் கன்சல் ஜெனரல் லாம்ப்ரோஸ் கொரொமிலாஸ், கஸ்தோரியா பேராயர் கெர்மானோஸ் கரவங்கெலிஸ் போன்றவர்கள் போராட்டத்தை நடத்தியவர்களே. அவர்கள் காகிதம் திட்டத்தையும் நோக்கத்தையும் அறிய மிக உதவும், பிண எண்ணிக்கைக்கு உதவாது.

புகைப்படங்களுக்கு ஒரு குறிப்பு. ஆயுதத்தோடு நகரத்து ஸ்டுடியோவில் நிம்மதியாக நிற்கும் குழுவைப் பார்த்தால் 1908 ஜூலைக்குப் பிந்தையதா என்று சோதியுங்கள். இளந்துருக்கியர் புரட்சிக்குப் பின் பொதுமன்னிப்பு கிடைத்து இரு தரப்பும் மலையிறங்கி மொனாஸ்திருக்கும் தெசலோனிக்கிக்கும் வந்தன. படத்தின் அடியில் '1904' என்று பின்னாளில் யாரோ எழுதியிருக்கலாம்.