ஒற்றைக் கண் மங்கிய மொறிஸ் மைனர்: முன்விளக்குக் கோளாறைத் தேடிப் பிடிப்பது

என் பழைய மொறிஸ் மைனர் 1000 காரின் இடது முன்விளக்கு மங்கியபோது பல்பை மாற்றினேன். மாற்றமில்லை. வேறு கடையில் இன்னொரு பல்ப் வாங்கினேன். பிறகு, தூர வெளிச்சத்தையும் தாழ்ந்த வெளிச்சத்தையும் (டிப்) மாற்றும் டிப் சுவிச்சையே புதிதாகப் போட்டேன். கடைசியில் கோளாறு ஒரு திருகாணிக்குக் கீழே இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்னும் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரும் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவைச் செய்ய வேண்டாம்.

வயர்களை அடையாளம் காணுங்கள்

லைற் சுவிச்சிலிருந்து காலால் மிதிக்கும் டிப் சுவிச்சுக்கு வருவது நீல வயர். அங்கிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது தூர வெளிச்சத்துக்கு, சிவப்புக் கோடு போட்டது டிப்புக்கு. கறுப்பு, ஏர்த்: மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் (பொடி) வழியாகச் சுற்றை முடிக்கும் வயர். பழைய வண்டியில் எல்லாமே மண்ணிறமாகத் தெரியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் கோடு வெளியே வரும்.

பியூஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மைனரின் முன்விளக்குகளுக்குப் பியூஸ் கிடையாது. அதனால்தான் எந்த வயரைக் கழற்றுவதானாலும் முதலில் பற்றரியைக் கழற்றச் சொல்கிறேன். வயர் தவறிப் பொடியில் பட்டால் உருகுவதற்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

எது எரிகிறது, எது எரியவில்லை?

டிப்பில் இரண்டும் எரிந்து, தூர வெளிச்சத்தில் இரண்டுமே எரியாவிட்டால் டிப் சுவிச்சைச் சந்தேகியுங்கள். தரையில் இருப்பதால் மழைக்காலச் சேறு முழுவதும் அதற்குத்தான். இரண்டும் எப்போதும் மங்கலாக இருந்தால் பற்றரி முனையையும் லைற் சுவிச்சையும் பாருங்கள். என்ஜின் மெதுவாக ஓடும்போது மட்டும் மங்கினால் பயப்பட வேண்டாம், வண்டிக்கு மின்சாரம் தரும் டைனமோவின் குணமே அதுதான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால்? நான் இடறி விழுந்த இடம் இதுதான்.

ஏர்த்

டிப்பில் போட்டுவிட்டு ஸ்பீடோமீற்றருக்குள் இருக்கும் தூர வெளிச்சத்துக்கான சிறு விளக்கைப் பாருங்கள். அது அணைந்திருக்க வேண்டும். என் வண்டியில் அது மின்மினிபோல் லேசாக எரிந்தது. பல நாள் பார்த்தும் நான் பொருட்படுத்தவில்லை. கோளாறின் விலாசமே அதில்தான் எழுதியிருந்தது.

ஒரு பல்பில் தூர வெளிச்சத்துக்கு ஒன்றும் டிப்புக்கு ஒன்றுமாக இரண்டு இழைகள் உண்டு. இடது விளக்கின் ஏர்த் விட்டுப்போனால் டிப் இழைக்குள் போன மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் அதே பல்பின் மற்ற இழைக்குள் புகுகிறது. பிறகு வெள்ளைக் கோட்டு வயர் வழியாகப் போய், வலது விளக்கின் தூர இழையையும் அந்தச் சிறு விளக்கையும் கடந்து ஏர்த்தைப் பிடிக்கிறது. மூன்று இழைகள் வரிசையாக நின்று 12 வோல்ற்றைப் பங்கு போட்டால் வெளிச்சம் எங்கிருந்து வரும்?

உறுதி செய்ய, விளக்கை எரியவிட்டு மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் மற்றதை பல்ப் சொக்கற்றின் கறுப்பு வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. எனக்கு ஆறுக்கு மேல் காட்டியது.

ஏர்த் திருகாணியைக் கழற்றினேன். கீழே அழகான பச்சைப் பெயின்ற்! முந்தைய ஆண்டு வண்டிக்குப் பெயின்ற் அடித்தபோது அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. எமரிக் கடதாசியால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, வயர் முனையின் வளையத்தையும் தேய்த்து, இறுக்கியபின் மேலே வசிலின் பூசினேன். வேலை பத்து நிமிடம். நம் உப்புக் காற்றுக்கு வசிலின் அவசியம்.

ஏர்த் சரியாக இருந்தும் மங்கினால், முன்பக்கத்தில் வயர்கள் சேரும் புல்லற் கனெக்ரர்களை (செருகி இணைக்கும் குழாய் முனைகளை) ஒவ்வொன்றாக இழுத்துத் துப்புரவு செய்யுங்கள்.

கருவி

மல்ரிமீற்றரை விட எனக்குப் பிடித்தது, இரண்டு வயர் பிடித்த 21 வாற்று சிக்னல் பல்ப். ஒரேயொரு செப்பு இழையில் தொங்கும் வயரிலும் மீற்றர் 12 வோல்ற் காட்டி ஏமாற்றும். பல்ப் ஏமாற்றாது, சுமை ஏறியதும் மங்கிவிடும்.

100/90 வாற்று (தூர வெளிச்சத்துக்கு 100, டிப்புக்கு 90) பல்ப் போட்டால் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தூர வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 17 அம்பியர் இழுக்கும். டைனமோவே 22 அம்பியர்தான் தரும். 60/55 போதும். வசதியிருந்தால் றிலே போடுங்கள்; விளக்கின் மின்சாரத்தைச் சுவிச்சுக்குப் பதிலாக அது தாங்குவதால் பழைய சுவிச்சுகளின் ஆயுள் கூடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் மீற்றரில் கழித்தல் குறி வருகிறது என்று கலங்கிவிட்டார். பழைய மைனர்களில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும்; எண்ணை மட்டும் பாருங்கள். இன்னொருவர் எல்இடி பல்ப் வாங்கிப் போட்டு, எரியவில்லை என்று ஏர்த்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். காரணம் அதே நேர்முனை ஏர்த்தான். துருவம் பார்க்காத வகையா என்று கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும்.