மேட்ச்சுக்கு மொத நாள் ராத்திரி, கபடி பயலுவளுக்கு

நம்ம ஊருல கோயில் கொடைக்கு கபடி வச்சா போதும், கல்யாணமான பயலுவள பெருசுங்க ஒரு வாரத்துக்கு பொண்டாட்டிகூட சேராம தனியா படுக்கச் சொல்லிருவாவ, கேட்டா "ஒரு சொட்டு விந்து நாப்பது சொட்டு ரத்தம்டே"ம்பாவ. அதெல்லாம் சும்மா. ஒரு தடவ வெளியேறுதது 2லேந்து 5 மில்லி, பெரும்பாலும் தண்ணிதான், ஒடம்பு திரும்ப உண்டாக்கிக்கிடும். 2013ல கனடாவுல மான்ட்ரியல்ல அளந்து பாத்ததுல ஒரு தடவ சேந்ததுக்கு ஆம்பளைக்கு செலவானது சுமாரா 100 கலோரி, ஏறக்குறைய ரெண்டு இட்லி, அவ்ளோதான்.

அப்போ எப்படி வச்சுக்கிடணும்னா, நேரத்த பாருங்க. 2000ல வந்த ஒரு ஆய்வுல விளையாட்டுக்காரங்கள சைக்கிள் மிதிக்க வச்சு பாத்தாவ, 10 மணி நேரம் முன்னாடி சேந்திருந்தா ஒரு வித்தியாசமும் இல்ல, 2 மணி நேரம் முன்னாடின்னாதான் மிதிச்சு முடிச்சதுக்கு அப்புறம் நெஞ்சுத் துடிப்பு எறங்க லேட்டாச்சு. காலைல 9 மணிக்கு பாளையங்கோட்டைல மேட்ச்னா ராத்திரி 10 மணிக்குள்ள எல்லாம் முடிச்சு படுத்துருங்க, விடியக்காலம் வேண்டாம்.

உண்மைல கெடுக்குதது தூக்கம்தான் வே, ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டிட்டு, கூட ஒரு குவாட்டரும் போட்டுட்டு, காலைல ரெய்டு போயி மூச்சு வாங்குனா பழி பொண்டாட்டி மேலயா?

சில பேருக்கு தனியா இருந்தாதான் மனசு ஒருமுகப்படும், அவன் அப்படியே இருக்கட்டும். மத்தவங்க மொதல்ல பிராக்டீஸ் நாள்ல பாத்துக்கிடுங்க, ஃபைனல் அன்னைக்கு புதுசா எதையும் சோதிக்காதீய.