நீளமான டேபிள் ரன்னருக்குக் குயில்டிங் டிசைன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுண் பக்கம் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துப் பழகிய கைகள் இப்போது குயில்டிங்குக்கு, அதாவது மேல்துணி, நடுவில் பேட்டிங் என்னும் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் வேலைக்கு வருகின்றன. அவர்களுக்குத் தையலில் குறையே வருவதில்லை, டிசைன் தேர்வில்தான் கோட்டை விடுகிறார்கள். ஊசி மழுங்குவது, பாபின் பாதியில் தீர்வது எல்லாம் அவரவருக்கே தெரிந்துவிடும். துணியும் நூலும் உழைப்பும் செலவான பிறகு தெரியவரும் தவறுகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கணக்குக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். மேசை நீளம் 72 இஞ்ச். இரு முனையிலும் 9 இஞ்ச் தொங்கல் விட்டால், மேசை நடுவே நீளவாக்கில் விரிக்கும் ரன்னரின் நீளம் 90 இஞ்ச். அகலம் 16 இஞ்ச். சுற்றிலும் 3 இஞ்ச் பார்டர் போனால் நடுப்பகுதி 10-க்கு 84.

நடுவில் நெருக்கம், ஓரத்தில் வெறுமை

மற்ற எல்லாத் தவறையும் மன்னிக்கலாம். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது.

மகளின் பால்காய்ப்புக்காக ஒரு அம்மா வீரவநல்லூர்த் தறித்துணியில் ரன்னர் தைத்தார். நடுவில் ஒரு இஞ்ச் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம், ஒரு இழைகூடப் பிசகவில்லை. கலர் பார்டர் எடுப்பாகத் தெரியட்டும் என்று அங்கே தையலே போடவில்லை. மேசையில் விரித்தால் இரண்டு ஓரமும் பாவாடைக் கொசுவம் போல அலை அலையாக எழும்பி நின்றன. இஸ்திரி போட்டார், தண்ணீர் தெளித்து மறுபடி போட்டார். அழுத்தும்வரை படிந்தது, ஆறியதும் எழும்பியது.

காரணம் எளிது. மூன்று அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் ஒவ்வொரு தையல் கோடும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். கோடு நெருங்க நெருங்க இழுப்பும் கூடும். நடுப்பகுதி நீளத்தில் குறைந்துவிட, தையல் விழாத ஓரம் பழைய நீளத்திலேயே நிற்கும். அந்த மிச்ச நீளம் போக இடமில்லாமல் மேலே எழும்புகிறது. கட்டில் விரிப்பில் ஓரம் தொங்குவதால் இது கண்ணில் படாது. ரன்னரின் ஓரமோ மேசை மேலேயே கிடக்கிறது. அதன்மேல் வைத்த டம்ளர் ஆடும்.

டிசைனை முடிவு செய்வதற்கு முன் சோதனைத் துண்டு ஒன்று போடுங்கள். அதே துணி, அதே பேட்டிங், 16-க்கு 16. ஓரம் 3, நடு 10, ஓரம் 3 என்று ரன்னரின் குறுக்குவெட்டு அப்படியே அதில் வரவேண்டும். நினைத்த டிசைனைத் தைத்துவிட்டு நீளவாக்கில் நடுவையும் ஓரத்தையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அரை இஞ்ச் வித்தியாசம் என்றால் சின்னதாகத்தான் தோன்றும். 90 இஞ்ச் நீளத்துக்கு அது 2¾ இஞ்சைத் தாண்டிவிடும். துண்டை மேசையில் வைத்தாலே ஓரம் எழும்புவது கண்ணுக்குத் தெரியும்.

சரியான வழி, ஓரத்துக்கும் நடுவுக்கும் கோட்டு இடைவெளியை ஏறக்குறைய சமமாக வைப்பது. சிக்குக் கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி 1 இஞ்ச் என்றால், சாய்ந்து ஓடும் கோடுகளுக்கு நடுவே 0.7 இஞ்ச்தான் இருக்கும். அப்படியானால் 3 இஞ்ச் பார்டரில் முக்கால் இஞ்ச் இடைவெளியில் மூன்று நேர்கோடு வேண்டும். புள்ளியை 2 இஞ்சாக விரித்தால் கோட்டு இடைவெளி 1.4 ஆகும். பார்டரில் ஒரு இஞ்ச் விட்டு இரண்டு கோடு போதும், ரன்னரும் விறைக்காது. எங்கள் தேர்வு 2 இஞ்ச்தான்.

ஏற்கெனவே அலை வந்துவிட்டதா? பைண்டிங்கை, அதாவது விளிம்பைச் சுற்றித் தைத்த பட்டையைப் பிரியுங்கள். பார்டருக்கு நடுவின் நெருக்கத்திலேயே கோடு போடுங்கள். பிறகு ரன்னரின் நடுநீளத்தை அளந்து, அந்த அளவுக்கே பைண்டிங்கை வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தையுங்கள். ஈரமாக்கி, தடித்த போர்வைமேல் ஊசி குத்திக் காயவைப்பது கால் இஞ்ச் அலைக்குத்தான் உதவும்.

ஒரே இழை என்று நம்பி இறங்குவது

நூலை அறுக்காமல் போகலாம் என்பதால் சிக்குக் கோலம் மெஷின் குயில்டிங்குக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் எல்லாச் சிக்குக் கோலமும் ஒற்றை இழை அல்ல. நீள்சதுரமாகப் புள்ளி வைத்து வெறும் பின்னலாகப் போட்டால், இரண்டு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை தனி வளையம் வரும். 5-க்கு 40 என்றால் ஐந்து வளையம், ஐந்து தடவை நூல் முடிச்சு. 5-க்கு 42 என்றால் ஒரே இழை. 2 இஞ்ச் புள்ளிக்கு 5-க்கு 42 என்பது சரியாக 10-க்கு 84! நம் நடுப்பகுதி முழுவதும் நிறைந்துவிடும். வேறு அளவாக இருந்தால் தாளில் வரைந்து விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள்.

பூப்போட்ட துணியில் நுணுக்க வேலை

பூக்களுக்கு நடுவே தையல் கண்ணுக்குத் தெரியாது. நேர்கோடு போதும்.

செடிபுட்டாவை அப்படியே எடுப்பது

செடிபுட்டா சேலையின் செடியும் பூவும் அழகுதான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. பூவுக்குப் பூ நூலை அறுக்க வேண்டும், இடையில் வெற்றிடமும் கிடக்கும். ஒரு செடியின் தண்டை வளைத்து அடுத்ததோடு சேர்த்துக் கொடியாக ஓட்டிவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். மேசை விளிம்பில் ரன்னர் மடியும் இடத்தில், அதாவது முனையிலிருந்து 9 இஞ்சில், பூவின் நடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் பாதிப் பூ மேலே, பாதி கீழே.

உப்பலான பாலியெஸ்டர் பேட்டிங்

வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய மிகச் சூடான பாத்திரத்துக்கு அது உருகக்கூடும். மெல்லிய காட்டன் பேட்டிங் அல்லது பழைய வேட்டி இரண்டு மடிப்பு.

நீளவாக்குக் கோட்டை இரு திசையிலும் ஓட்டுவது

ஒரு கோட்டை இடமிருந்தும் அடுத்ததை வலமிருந்தும் தைத்தால் மேல்துணி எதிரெதிராக நகர்ந்து, கோடுகளுக்கு இடையே சாய்ந்த சுருக்கம் விழும். நீளம் கூடக் கூட அது மோசமாகும். முதலில் நட்டநடுக் கோடு. அங்கிருந்து ஒரு பக்கமாக ஓரம்வரை போய்விட்டு, மறுபக்கத்துக்கும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். எல்லாக் கோடும் ஒரே முனையிலிருந்து வரட்டும். அடுக்குகளை ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற மெஷின் பாதம் கட்டாயம். 90 இஞ்ச் நேர்கோட்டில் நூலளவு கோணலும் கண்ணைக் குத்தும். கை பழகும்வரை மெல்ல வளைந்து ஓடும் அலைக்கோட்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் 16 இஞ்ச் அகலத்தில் குறுக்குக் கோடு போடுங்கள்.