குக்ரி சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கதையை விட்டுக் கத்தியின் முதுகைப் பாருங்கள்

நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரியைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். வெள்ளி வேலைப்பாடுள்ள உறையும், "கூர்க்கா அதிகாரி வைத்திருந்தது" என்ற கதையும் விலையை ஏற்றுகின்றன. கத்தியின் வயதும் தரமும் அலகின் முதுகிலும் (கூரில்லாத பக்கம்), பிடிக்குள் போகும் வாலிலும், பிடியும் அலகும் சேருமிடத்தில் பூண் பொருந்தியிருக்கும் விதத்திலும்தான் இருக்கின்றன. உறை வேறொரு கத்திக்குச் செய்ததாகவும் இருக்கலாம். எனவே கையில் எடுத்ததும் உறையைத் தனியே வைத்துவிட்டு அலகிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். பூணுக்கு அருகே, வளைவில், முனைக்கு 2 செ.மீ. முன்னால் என மூன்று இடங்களில் முதுகின் தடிமனை அளந்து பாருங்கள். சம்மட்டியால் அடித்து உருவாக்கிய குக்ரி பிடியருகே தடிப்பாகவும் முனையை நெருங்க நெருங்க மெல்லியதாகவும் இருக்கும். போஜ்புரே வகையில் பிடியருகே 8 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது சாதாரணம். மூன்று இடத்திலும் ஒரே அளவு வந்தால், அது தகட்டிலிருந்து வெட்டித் தேய்த்த பண்டம். கண்ணாடிபோல் மின்னும் அலகு, சிங்கத் தலை வைத்த பித்தளைப் பிடி, அலகின் மேல் அமிலத்தால் பொறித்த கோயில் படம் ஆகியவை சுற்றுலாக் கடைச் சரக்கின் அடையாளங்கள். அலங்காரமாக மாட்டி வைப்பதில் தவறில்லை. பழம்பொருள் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

வகைப் பெயரைத் தர வரிசையாக நினைப்பது

போஜ்புரே, சைன்புரே, தன்குட்டா, சல்யானி போன்ற பெயர்கள் ஊர்களையும் மாவட்டங்களையும் ஒட்டி வந்தவை. சிருபாத்தே, புதுனே போன்றவை வடிவத்தைச் சொல்பவை. சிருபாத்தே ஒடுங்கி நீண்டு, புல் இதழ் போல இருக்கும். புதுனேயின் வயிற்றுப் பகுதி நன்றாக அகன்று, ஒரு மீனின் தலையை நினைவூட்டும். 'அங்கோலா' முதுகை ஒட்டிப் பள்ளம் விட்டது, 'தின் சிரா' அலகில் நீளவாக்கில் மூன்று ஓடைகள் (பள்ளக் கோடுகள்) கொண்டது. 'கோதிமோரா' அலகின் வகையே அல்ல, அது வெள்ளி வேலைப்பாடுள்ள உறையோடு வரும் குக்ரிக்குப் பெயர். கோதிமோரா என்று எழுதிப் பெருந்தொகை கேட்டால், உள்ளே இருக்கும் அலகு என்ன வகை என்று தனியாகக் கேளுங்கள்.

போஜ்புரே கனமாக இருப்பதால் உயர்ந்தது, சிருபாத்தே மெலிந்திருப்பதால் பலவீனமானது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஒன்று விறகு பிளக்கத் தோதானது, மற்றது வீச்சில் வேகமானது. வேலை வேறு என்பதால் உடலும் வேறு. இன்று ஒரு வகையின் பெயரில் எந்த ஊர்ப் பட்டறையும் கத்தி செய்யும். ஆகவே பெயரை வைத்து மட்டும் 'இது சைன்பூரில் செய்தது' என்று முடிவு கட்ட முடியாது.

முதுகிலுள்ள எண்ணைத் தவறாகப் படிப்பது

அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். நேபாள அரசுப் படைகளுக்குச் செய்த பழைய குக்ரிகள் பலவற்றின் முதுகில் தேவநாகரி எழுத்துகளும் எண்களும் வெட்டப்பட்டிருக்கும். அதில் ஆண்டு இருந்தால் அது நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத்தின் ஆண்டு. நம் நாட்காட்டிக்குக் கொண்டுவர 57 கழிக்க வேண்டும். நேபாள ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரையிலான மாதங்களுக்கு மட்டும் 56 கழித்தால் போதும். 1975 என்று வெட்டியிருந்தால் அது 1918-19ஆம் ஆண்டுக் கத்தி. "இந்திரா காந்தி காலத்தது" என்று மலிவாக விற்றவர்களும் உண்டு, 1900 என்றிருப்பதை 1843 என்று புரிந்துகொள்ளாமல் கைவிட்டவர்களும் உண்டு.

ஆண்டைப் பெயரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். அன்று நேபாளத்தை ஆண்ட ராணா வம்சப் பிரதமர்களுக்கு 'ஸ்ரீ 3', மன்னர்களுக்கு 'ஸ்ரீ 5' என்ற அடைமொழி. சந்திர ஷம்ஷேர் 1901 முதல் 1929 வரையிலும், பீம் ஷம்ஷேர் 1932 வரையிலும், ஜுத்த ஷம்ஷேர் 1945 வரையிலும் பதவியில் இருந்தனர். 'ஸ்ரீ 3 சந்திர' என்ற எழுத்தோடு இருக்கும் ஆண்டு இந்த வரம்புக்குள் விழாவிட்டால் ஒன்று நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுத்தே பின்னால் சேர்த்தது. நான்கு இலக்கம் கண்டாலே ஆண்டு என்று நினைப்பதும் கூடாது. படைக் கணக்கு எண்ணாகவும் இருக்கலாம்.

இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காத்மாண்டுவின் லகன் சிலேகானா ஆயுதக் கிடங்கில் கிடந்த பழைய ஆயுதங்களை 2003இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றோடு ஏராளமான குக்ரிகளும் வெளியே வந்தன. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த படைக் குக்ரி என்பதாலேயே அது அரிய பொருளாகிவிடாது. பல கத்திகள் உறையில்லாமல் வந்தவை, புது உறை பின்னால் பொருத்தியது. உறை புதிதென்று விற்பவர் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. பழையது என்று சொன்னால், அலகை மெல்லச் செருகிப் பாருங்கள். வளைவும் வயிறும் உறையின் உள்வளைவோடு ஒத்துப்போக வேண்டும்.

உலகப்போர் முத்திரைகளை அப்படியே நம்புவது

உலகப்போர்க் காலங்களில் கூர்க்கா படைகளுக்காக இந்தியாவில் செய்த மார்க் 2, மார்க் 3 என்ற மாதிரிக் குக்ரிகளில் ஆண்டும் ஆய்வாளர் முத்திரையும் இருக்கும். இவற்றில் பிடியின் முழு நீளத்துக்கும் வால் ஓடும், இருபுறமும் மரத்துண்டு வைத்து ரிவிட் அடித்திருக்கும். இந்த அமைப்பு நேபாளத்தில் 'பனாவல்' எனப்படும். முத்திரை அலகை அடித்துச் செய்தபோதே விழுந்ததா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் சுற்றிலும் ஒரே கருமை படிந்திருக்கும். கருத்த அலகில் எழுத்தின் அடிமட்டும் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாப் படைவீரர்களும் அரசு கொடுத்ததையே வைத்திருந்ததில்லை, சொந்தமாக வாங்கியவர்களும் இருந்தார்கள். அதனால் முத்திரை இல்லாததே போலிக்குச் சான்று அல்ல.

உருவிய குக்ரி ரத்தம் பார்க்காமல் உறைக்குத் திரும்பாது என்பது வெறும் கதை. நேபாள மலைக் கிராமங்களில் காய்கறியும் இறைச்சியும் விறகும் அதால்தான் வெட்டுகிறார்கள். கைப்பிடிக்கு அருகே இருக்கும் 'சோ' என்ற வெட்டுக்கு எதிரியின் வாளைப் பிடிக்கும் பள்ளம் என்பது முதல் பசுவின் குளம்பு, சிவனின் திரிசூலம் வரை பல விளக்கங்கள் சொல்கிறார்கள். விளம்பரத்தில் இவற்றில் எது வந்தாலும் அதற்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

உறையின் பின்புறம் இரண்டு சிறு கருவிகள் இருக்கும். 'கர்தா' சிறு வேலைக்கான கத்தி, 'சக்மக்' கூரில்லாத எஃகு. சக்மக்கால் விளிம்பைத் தடவிச் சரிசெய்யலாம், சிக்கிமுக்கிக் கல்லில் அடித்துத் தீப்பொறியும் எடுக்கலாம். சக்மக்குக்குக் கூர் போட்டிருந்தால் அது என்னவென்று தெரியாதவர் கைபட்டிருக்கிறது. இரண்டுமே இல்லாத கத்தி நிறையக் கிடைக்கும். அதற்காக நல்ல அலகை ஒதுக்காதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று அழிப்பது

கிடங்கிலிருந்து வந்த குக்ரியின் மேல் காய்ந்து இறுகிய கிரீஸ் இருந்தால், மண்ணெண்ணெய் நனைத்த துணியை அலகின் மேல் மட்டும் ஓரிரவு சுற்றி வைத்து, மூங்கில் சீவலால் வழித்தெடுங்கள். செந்துருவுக்கு எண்ணெயோடு மிக மெல்லிய எஃகுக் கம்பளி போதும். பழமையால் படிந்த கருமையைத் தொட வேண்டாம். கம்பி பிரஷ் மாட்டிய டிரில்லும் உப்புத்தாளும் முதுகு எழுத்தை ஒரே முறையில் தேய்த்துவிடும், அது திரும்பி வராது.

பிடியை நனைக்கக் கூடாது, வெயிலிலோ மூடிய காரிலோ வைக்கவும் கூடாது. பிடிக்குள் வாலைப் பிடித்திருப்பது 'லாஹா' என்ற பிசின் கலவை. சூட்டில் இளகிவிடும், பிடி ஆடத் தொடங்கும். எருமைக்கொம்புப் பிடியில் சிறு துளைகளும் அதன் கீழே புதுப் பொடியும் கண்டால் பூச்சி உயிரோடிருக்கிறது என்று பொருள். அதை மற்றக் கொம்புப் பிடிகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

புழங்கும் புதுக் குக்ரிகளில் பல, பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்தவை. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அலகில் கெண்டித் தண்ணீரை விளிம்பின் மேல் மட்டும் ஊற்றித் தோய்ச்சல் போடுவதால் (சட்டெனக் குளிரவைத்துக் கெட்டியாக்குவதால்), வயிற்று விளிம்பு கெட்டியாகவும் முதுகு மிருதுவாகவும் இருக்கும். இதை மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலமேறும். நீலமேறிய இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. கையால் கல்லில் தீட்டுங்கள்.

நீண்ட நாள் வைப்பதென்றால் அலகைத் தோலுறைக்குள் விடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அலகில் துருப்புள்ளி போடும், கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலமே போதும். மெல்லிய கனிம எண்ணெய் தடவித் தனியே வையுங்கள். சமையல் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

உருவும்போது விரல்களை உறையைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது ஆபத்து. கூர்ப்பக்கத்துத் தையலை அலகு கிழித்துக்கொண்டு விரலுக்கு வரும். உறையை முதுகுப்பக்கமாகப் பிடித்து, அலகின் முதுகு உறையில் உராயும்படி மெதுவாக இழுங்கள்.

வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். 100 ஆண்டைத் தாண்டிய பொருளை நேபாளத் தொல்லியல் துறையின் அனுமதியின்றி அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. புதுக் குக்ரிக்கும் அது பழம்பொருள் அல்ல என்ற சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் தகராறு வராது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளோடு குக்ரியின் பெயரும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உரிமம் தேவையா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, சரக்குப் பெட்டியில்தான் வர வேண்டும். ரசீதில் அலகின் நீளம், எடை, முதுகிலுள்ள எழுத்து மூன்றையும் எழுதி வாங்குங்கள்.